பேன் பெரியம்மா

அவருக்கு முகங்கள் ஞாபகத்தில் நிற்காது. தலைகள்தான் நிற்கும். நாகல் நகரில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டுக்குள் அவர் நுழையும்போது யாராவது எதிரே வந்து, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் விழிப்பார். பிறகு, "செத்த திரும்பு தாயி" என்பார். திரும்பி நின்றால் வகிட்டையும் பிடரியையும் பார்த்துவிட்டு, "அட, மூணாம் வீட்டுப் பொண்ணா!" என்று சிரிப்பார். ஒரு தடவை கொடைரோட்டுக்கு அவரோடு பஸ்ஸில் போனேன். வழி முழுக்க முன் சீட்டில் இருந்த பெண்ணின் பின்னலையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு எப்படியோ உறுத்தியிருக்கிறது. நடுவழியில் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர் பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. எங்களுக்கு அக்கா, பிள்ளைகளுக்குப் பேன் பெரியம்மா. அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராது, "என்னலே?" என்று திரும்பிப் பார்ப்பார். காம்பவுண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். காலையில் பூ மார்க்கெட்டில் ஒரு கடைக்குப் பூக் கட்டிக் கொடுப்பார். மதியத்துக்கு மேல் மஞ்சள் பையோடு எங்கள் பக்கம் வருவார். பையில் பேன் சீப்பு இரண்டு, ஈர் உருவும் கட்டைச் சீப்பு ஒன்று, வேப்பெண்ணெய் பாட்டில், துவைத்து மடித்த வெள்ளைத் துணி. எந்த வீட்டுப் பெண் குழந்தை தலையைச் சொறிகிறதோ அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். அதற்கு ஒரு டம்ளர் டீ போதும், அதுவும் சீனி இல்லாமல்.

எங்கள் வீட்டுக்கு அவர் வரக் காரணம் ஒரு டீச்சர். என் மகள் நித்யா அப்போது மூன்றாம் வகுப்பு. அவளுடைய டைரியில் சிவப்பு மையில், 'தலையில் பேன் உள்ளது, கவனிக்கவும்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டீச்சர் எதிரே இருந்திருந்தால் சண்டையே நடந்திருக்கும். நான் வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். ஒரு நூல் துண்டு தரையில் கிடந்தாலும் எடுத்துப் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். என் பிள்ளை தலையில் பேனா? பக்கத்தில் உட்காருகிற பிள்ளையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று மூன்று வீட்டுக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் மஞ்சள் பை.

"கத்தாத தாயி. பேனுக்குக் காது கேக்காது."

"எங்க வீடு சுத்தமா இருக்கும்க்கா."

"இருக்கட்டும். சுத்தமான தலைன்னா அதுக்கு நடக்கச் சுளுவு. புள்ளைய வெளிச்சத்துக்குக் கொண்டா."

வெயில் விழுகிற இடத்தில் பலகையைப் போட்டு நித்யாவை உட்கார வைத்தார். நான் உச்சியைப் பிரித்துக் காட்டப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். "அங்கிட்டு எதுக்குப் பாக்குற? காதுக்குப் பின்னாடி பாரு, பிடரியில பாரு. பேனைத் தேடாத, அது ஓடிப் போயிரும். ஈரைத் தேடு. அதுக்குக் காலில்லை." ஒரு முடியை எடுத்து என் கண் முன்னால் நீட்டினார். வெள்ளையாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. ஊதச் சொன்னார். ஊதினேன். போகவில்லை. "ஊதுனாப் போச்சுன்னாப் பொடுகு. போகலைன்னா ஈரு" என்றார். தோலை ஒட்டி இருப்பது புதிது, முடியில் தள்ளி இருப்பது எப்போதோ பொரித்துப்போன பழங்கூடு என்றும் சொன்னார். பிறகு அதை இரண்டு நகங்களுக்கு நடுவே வைத்துக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நசுக்கினார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

"சத்தம் வந்தா உள்ளாற உசிரு இருக்கு. வரலைன்னா வெறுங்கூடு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அருவருப்பும் இல்லை, விளையாட்டும் இல்லை. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் நித்யா அவர் முழங்காலில் சாய்ந்து அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். எந்தப் பிள்ளையும் அவர் கையில் அப்படித்தான் தூங்கும். பூக் கட்டிக் கட்டி அந்த விரல்களுக்கு அத்தனை நிதானம் வந்திருந்தது.

அவருடைய வைத்தியத்தில் ரகசியம் ஒன்றும் கிடையாது. தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து வேரிலிருந்து நுனி வரை சொட்டச் சொட்டத் தேய்ப்பார். பழைய துணியால் தலையைச் சுற்றிக் கட்டி இரண்டு மணி நேரம் விட்டுவிடுவார். சீயக்காய் போட்டு அலசி, ஈரம் காய்வதற்குள் ஒரு விரல் அகலமாகப் பகுதி பிரித்து, பேன் சீப்பால் வேரிலிருந்து வாருவார். ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் தட்டிப் பார்ப்பார். அவசரப்படுகிற தாய்மார்களைக் கண்டால்தான் அவருக்கு ஆகாது. கற்பூரம் கரைத்து ஊற்றலாமா என்று கேட்டால், "சின்னப் புள்ளைக்கு அதெல்லாம் ஆகாது" என்பார். மண்ணெண்ணெய் என்று யாராவது வாயெடுத்தால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்.

முதல் நாள் வாரிவிட்டுப் போனால் எட்டாம் நாள் கட்டாயம் வருவார். தலை சுத்தமாகிவிட்டது, வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். "ஆத்தாக்காரி செத்துட்டா. அவ வச்சிட்டுப் போனது இன்னிக்குத்தான் பொரிச்சிருக்கும். அது பெரிசாகி முட்டை வைக்கிறதுக்குள்ள பிடிக்கணும்" என்று சொல்லிச் சீப்பை எடுப்பார். பேன் கதைதான். ஆனாலும் அவர் வாயில் அதைக் கேட்கும்போது யாரோ மனிதர்களைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மாடி வீட்டில் என் சிநேகிதி இருந்தாள். ரேஷன் கடையானாலும் ஜவுளிக்கடையானாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். அவள் மகள் கீர்த்தி நித்யாவைவிட ஒரு வயது சின்னவள். இரண்டும் ஒரே பாயில் படுத்து விளையாடும், அதனால் பேனும் இரண்டுக்கும் பொது. சிநேகிதிக்கு எட்டாம் நாள் வரை பொறுக்க முடியவில்லை. சிறுமலைச் சீத்தாப்பழம் வாங்கியிருந்தாள். அதன் விதையைக் காயவைத்து இடித்து எண்ணெயில் குழைத்து, எங்களிடம் சொல்லாமல் கீர்த்தி தலையில் பூசிவிட்டாள். இயற்கை மருந்துதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்திருக்கிறாள். பிள்ளை வியர்வையைத் துடைக்கிறேன் என்று தலையைச் சொறிந்த கையால் கண்ணைக் கசக்கிவிட்டது.

கீர்த்தி போட்ட அலறலில் நான் மிஷினை விட்டு ஓடினேன். எனக்கு முன்னால் பேன் பெரியம்மா மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தூக்கி வந்து குழாயடியில் படுக்க வைத்தார். இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, என்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அரை மணி நேரம் ஊற்றியிருப்பேன். கண் இரத்தமாகச் சிவந்து, திறக்கவே முடியாமல் வீங்கியிருந்தது. "இப்பவே கண்ணாஸ்பத்திரிக்குப் போ. விதைன்னு மறைக்காமச் சொல்லு" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பத்து நாள் கட்டுப் போட்டிருந்தார்கள். நல்லவேளை, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோ கிளம்பும் முன் அவர் சிநேகிதியைப் பார்த்து, "பேனைக் கொல்ற அவசரத்துல புள்ளையக் கொன்றாத" என்று சொன்னார். அந்த நேரத்துக் கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் குழாயடியில் ஆறு வீட்டுக்காரர்களும் நின்று கேட்டார்கள். சிநேகிதி அதை மறக்கவே இல்லை.

அவரைப் பற்றி வேறொரு பேச்சும் மெல்லக் கிளம்பியிருந்தது. முன் தெருவில் ஒரு பிள்ளைக்குத் தலை பார்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் சீப்பைக் கீழே வைத்துவிட்டாராம். "இன்னைக்கு வேண்டாம். புள்ளைய டாக்டர்ட்டக் காட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். பிள்ளை அப்போது மிட்டாய் தின்றுகொண்டிருந்தது. மறுநாள் காய்ச்சலில் விழுந்து, டைபாய்டு என்றார்கள். இன்னொரு வீட்டிலும் இதே மாதிரி நடந்தது. "அக்கா கைய எடுத்தா ஆஸ்பத்திரிதான்டி" என்று பெண்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பு குறைந்தது. வீட்டுக்காரம்மா, அதாவது எங்கள் ஆறு வீட்டுக்கும் சொந்தக்காரி, அவர் வந்தால் தன் பேத்தியை உள்ளே கூப்பிட்டுக்கொள்வாள்.

மழைக்காலம் வந்தது. எங்கள் காம்பவுண்டில் தண்ணீர் வருகிற நாளில் எல்லா டிரம்மும் நிறையும். குளியலறையில் இரண்டு, படிக்குக் கீழே இரண்டு, மாடி வளைவில் ஒன்று. அடுத்த தடவை எப்போது வருமோ என்று யாரும் ஒரு சொட்டு வீணாக்க மாட்டோம். அந்த வருஷம் தெருவெல்லாம் காய்ச்சல். நித்யாவின் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. நானோ பேனைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். டைரியில் மறுபடி சிவப்பு மை வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பேன் பெரியம்மா எண்ணெய் வைத்து வாரிவிட்டுப் போனார். மறுநாள் நித்யாவுக்கு உடம்பு சுட்டது. வேப்பெண்ணெய் குளிர்ச்சி சேரவில்லை என்று நானே முடிவுசெய்து மாத்திரை கொடுத்தேன். இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. வெள்ளிக்கிழமை மதியம் கஞ்சி கொடுக்கப் போனேன். அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். தலையணை உறை வெள்ளை பாப்ளின், நான் தைத்தது. அதில் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தேன். பேன். ஒன்று இரண்டு இல்லை, பத்துப் பன்னிரண்டு. காதோரத்திலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. வாசலுக்கு ஓடிப் போய், "வந்து பாருங்கடி, மருந்து வேலை செய்யுது!" என்று கூப்பிட்டேன். மாடியிலிருந்து சிநேகிதி இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். "எம்புட்டுப் பேனு! எல்லாம் ஓடுது பாரேன்" என்றாள். அந்த நேரம் பேன் பெரியம்மா சந்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். அவரையும் பெருமையாகக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து காட்டினேன்.

அவர் நித்யாவைப் பார்க்கவில்லை. தலையணையைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டி வைத்தார். ஒரு பேன் அதைச் சுற்றிக்கொண்டு மேலே போனது.

"நடக்குது" என்றார்.

"நடக்குதுல்லக்கா! எல்லாம் உங்க எண்ணெய்தான்."

"என் எண்ணெய் ஓட விடாது தாயி. இருந்த எடத்துலயே மூச்சடைச்சுச் சாகும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "இது மருந்துக்குப் பயந்து ஓடல. தலைக்குப் பயந்து ஓடுது. புள்ளையத் தூக்கு."

"மாத்திரை குடுத்திருக்கேன். சாயந்தரம் இறங்கிரும்."

"சாயந்தரம் வரைக்கும் இருக்கணும்ல?"

ஒரு தாயிடம் சொல்லுகிற பேச்சா இது? "வாயைக் கழுவுங்கக்கா" என்று கத்தினேன். அவர் நித்யாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மஞ்சள் பை வாசலிலேயே கிடந்தது. சிநேகிதி சுவரோடு ஒட்டி நின்றாள். நான் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடி, அவர் நிறுத்திய ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோ போகிற வழியெல்லாம் அவரைத் திட்டினேன். அபசகுனம் பிடித்த பேச்சு என்றேன். பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்றுகூடக் கேட்டேன். கடைசியில் அவர் வாயைத் திறந்தார்.

"எனக்கு ஊரு அய்யலூருப் பக்கம். எனக்குப் பத்து வயசு, தங்கச்சிக்கு ஏழு. ரெண்டு பேருக்கும் ஒரே பாயி. அவளுக்குக் காய்ச்சல். நாலாம் நாளு காலையில எந்திரிக்கிறேன், என் தலை அந்த அரிப்பு அரிக்குது. அதுக்கு முந்தி எனக்குப் பேனே கெடையாது. அவ தலையில இருந்த அம்புட்டும் என் தலைக்கு வந்துருச்சு. நான், போடி பேன்காரின்னு அவளை ஒரு அடி அடிச்சேன். எங்கம்மா சிரிச்சுச்சு. பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சு போச்சு தாயி."

நித்யாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். அவ்வளவு நேரமும் நான் சூடு என்று நினைத்துக்கொண்டிருந்த கை சில்லிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். தட்டணுக்கள் மளமளவென்று இறங்கிக்கொண்டிருக்கின்றன, இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொன்னார். பேன் இறங்கிய விஷயத்தை அவரிடம் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. உடம்புச் சூடு ஏறினா அதுகளுக்குத் தாங்காதோ என்னவோ. நீங்க கொண்டு வந்ததுதான் முக்கியம்" என்றார். நான் கொண்டு வரவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. ஏழு நாள் அங்கே இருந்தோம். மூன்றாம் நாள் பேன் பெரியம்மா வந்தார். வார்டு வாசலிலேயே நின்று, எட்டித் தலையணையை மட்டும் பார்த்தார். உறையில் ஒன்றும் ஊரவில்லை. "நிக்குது" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கு ஆள் கதை கேட்டார்கள். நானும் சொன்னேன். எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு வரிதான் காதில் விழுந்தது. சாயந்தரம் வரைக்கும் இருக்கணும்ல என்று அவர் கேட்டாரே, அந்த வரி. அவர் வாயில் வந்தது நடக்கப் பார்த்தது, அவரே பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று கதை திரும்பிவிட்டது. அவர் கை வைத்த மறுநாள்தானே காய்ச்சல் வந்தது என்று சிநேகிதி கணக்குப் போட்டாள். நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். எனக்குள்ளேயும் ஒரு மூலையில் அந்தச் சந்தேகம் உட்கார்ந்திருந்தது. என் பிள்ளையைக் காப்பாற்றியவர் வருகிறார் என்று தெரிந்தால் எனக்கு நன்றிக்கு முன்னால் பயம்தான் வந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். கீர்த்திக்குக் காய்ச்சல். இரண்டு நாள் ஆகியும் சிநேகிதி யாரிடமும் சொல்லவில்லை. பேன் பெரியம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, நேராக மாடிப்படியில் ஏறினார். சிநேகிதி பாதிப் படியில் வந்து குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் கீழே குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என் புள்ளை தலையைத் தொடாதீங்க. நீங்க தொட்டாத்தான் எல்லாம் வருது."

"நான் தொடல. தலகாணிய மட்டும் கொண்டாந்து காட்டு."

"தலகாணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் மகளுக்குச் சாதாக் காச்சல். கீழ போங்க."

"சாதான்னா நல்லதுதான். காட்டிரு, போயிர்றேன்."

"போங்கன்னு சொல்றேன்ல!"

பேன் பெரியம்மா படியில் நின்றபடியே என் பக்கம் திரும்பினார். முகத்தை நேராகப் பார்க்காதவர் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்லு தாயி. நீ சொன்னாக் கேப்பா" என்றார்.

நான் சொன்னால் அவள் கேட்டிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள். பேன் தலையணையில் இறங்கியதை என்னோடு நின்று கண்ணால் பார்த்தவள். குடம் நிறைந்து வழிந்தது. காம்பவுண்டே வாசலில் நின்று என்னைப் பார்த்தது. 'இவ புள்ளைகிட்ட இருந்துதான் எங்களுக்கு வந்துச்சு' என்று அவள் ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லியிருந்தாள். அது என் காதுக்கும் வந்திருந்தது. எதற்கு இன்னொரு சண்டை?

"விடுங்கக்கா. அவங்க புள்ளைய அவங்க பாத்துக்குவாங்க" என்றேன்.

அவர் இறங்கி வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது குழாயை மூடிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துக் கீர்த்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கேயிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். மறுநாள் மாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் போடாமல் காம்பவுண்டு வாசலில் வந்து நின்றது. சிநேகிதியை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். மாடியில் பிள்ளையின் படுக்கையை எடுத்து எரிப்பதற்காகக் கீழே கொண்டு வந்து போட்டார்கள். அந்தத் தலையணையை நான் பார்த்தேன். அழுக்குச் சிவப்பு உறை. அதில் பேன் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நித்யா இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் போன் பண்ணி, "லேசாக் காச்சலும்மா" என்றாள். "தலகாணியப் பாரு" என்றேன். "தலகாணில என்னம்மா? சுத்தமாத்தான் இருக்கு" என்றாள். அவள் தலையில் பேன் இல்லாமல் பத்து வருஷம் ஆகிறது. சுத்தமான தலையணையிடம் என்ன கேட்டு என்ன தெரிந்துகொள்ள முடியும்? அப்படியே கிளம்பிப் போய் பஸ் ஏறினேன். சாதாரணச் சளிக் காய்ச்சல்தான். அவள் தோழிகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பேன் பெரியம்மா அந்தச் சந்திலிருந்து எப்போது காலிசெய்து போனார் என்று யாருக்கும் தெரியாது. பூக்கடையில் கேட்டதற்கு, ஊருக்குப் போறேன்னு சொல்லுச்சு என்றார்கள். அவர் கடைசியாக எங்கள் வாசலுக்கு வந்த நாளையும் சொல்லிவிட வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நான் ஏதோ நல்லவள் மாதிரி ஆகிவிடுவேன்.

கீர்த்தி போய் இருபது நாள் இருக்கும். வீட்டுக்காரம்மா என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, உன்கூடத்தான அதுக்குப் பழக்கம்? நீயே சொல்லிரு. இனிமே இந்தக் காம்பவுண்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. சரி என்று தலையாட்டினேன். அன்றைக்குச் சாயந்தரமே அவர் வந்தார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் கதவைத் திறக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் சொல்வதாகச் சொன்னேன். எல்லாரும் என்ற வார்த்தை எவ்வளவு வசதியானது என்று அப்போதுதான் தெரிந்தது.

"சரி தாயி" என்றார். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று கேட்கவில்லை. மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நித்யாவை ஒரு தடவை பாத்துட்டுப் போயிர்றேன். ஒரு நிமிசம், தலைய மட்டும்" என்றார்.

"தூங்குறாக்கா" என்றேன்.

உள்ளே நித்யா சத்தம் போட்டு வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள். ஏழு ஒண்ணு ஏழு, ஏழு ரெண்டு பதினாலு. நாங்கள் இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஏழு எட்டில் தடுமாறினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"தூங்கட்டும் தாயி, எழுப்பாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.